கறையைத் தேய்க்கும் முன் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி சுவரைப் பற்றித்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய வெளிச்சுவர் அப்போதுதான் காய்ந்து தன் லட்சணத்தைக் காட்ட ஆரம்பிக்கும். பொங்கலுக்குள், அதுவும் காப்புக் கட்டுக்கு முன்னால், வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே அவசரம். பெயிண்டர்களைப் போனில் பிடிக்க முடியாது, பிடித்தாலும் "தை கழியட்டுங்க" என்பார்கள். அதனால் இந்த முறை முழுக்கச் சுவர்க் கறைதான். முதல் கேள்வி கொஞ்சம் தூரத்திலிருந்து வந்திருக்கிறது.

கேள்வி: நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. பையன் வீட்டில் ஆறு மாதம் இருக்கலாம் என்று அமெரிக்காவில் வட கரோலினாவுக்கு வந்திருக்கிறேன். வீட்டைச் சுற்றி வெளியே பிளாஸ்டிக் பலகை மாதிரி அடித்திருக்கிறார்கள், வினைல் சைடிங் என்கிறான். வடக்குப் பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி. சுத்தம் செய்யச் சொல்லிக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வேறு வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரை எடுத்துக்கொண்டு நானே போனேன், மருமகள் தடுத்துவிட்டாள். கீழ்ப்பக்கம் கடுகு கடுகாகக் கருப்புப் புள்ளிகளும் இருக்கின்றன, எதற்கும் மசியவில்லை.

பதில்: முதலில் மருமகளுக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள், அக்கா. கம்பிநார் பட்டிருந்தால் பாசி போயிருக்கும், கூடவே பலகையின் வழுவழுப்பும் போயிருக்கும், அந்தக் கீறலுக்குள் அடுத்த வருடம் அழுக்குப் போய் உட்கார்ந்தால் பிறகு எதற்கும் வராது.

நம் ஊரில் வினைல் சைடிங் பார்த்தவர்கள் குறைவு என்பதால் மற்றவர்களுக்காக நாலு வரி. நம்மிடம் தண்ணீர்க் குழாய்க்கும் பாத்ரூம் கதவுக்கும் வருகிறதே பிவிசி, அதே சரக்குதான். மரச்சட்டம் வைத்து எழுப்பிய வீட்டுக்கு மேல்சட்டை போல இதை மாட்டுகிறார்கள். மாட்டுகிறார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், ஏனென்றால் ஆணியை இறுக்கி அடிப்பதில்லை, நீளவாக்கில் இருக்கும் துளையில் தொளதொளவென்று விட்டுவிடுகிறார்கள். 12 அடிப் பலகை ஒன்று பனிக்கும் வெயிலுக்கும் நடுவில் அரை அங்குலம் வரை நீளும், சுருங்கும். இறுக்கி அடித்தால் நெளிந்துவிடும். ஓட்டு வீட்டில் ஓடு அடுக்கியது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும், உள்ளே போகிற கொஞ்சநஞ்ச மழைத்தண்ணீர் வெளியே வர ஒவ்வொரு பலகையின் அடிவிளிம்பிலும் பொடி ஓட்டைகள் இருக்கும். பூச்சி வருகிறதே என்று அந்த ஓட்டைகளையும் இடுக்குகளையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் உள்ளேயே நின்று மரம் மக்கிப் போகும்.

சரி, பாசிக்கு வருவோம். பாசி பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை. பலகை மேல் படியும் தூசும் மகரந்தமும்தான் அதற்குச் சாப்பாடு. உங்கள் பையன் இருக்கும் பக்கம் பங்குனி, சித்திரையில் பைன் மரங்கள் மஞ்சள் மஞ்சளாக மகரந்தத்தைக் கொட்டும், கார் மேல் விரலால் பெயர் எழுதலாம் என்கிற அளவுக்கு. அது சுவரில் ஒட்டுகிறது, வடக்குப் பக்கம் வெயில் விழுவதில்லை, காற்றில் ஈரம் அதிகம், அப்புறம் என்ன வேண்டும் பாசிக்கு?

லேசான பாசியாக இருந்தால் வினிகரே போதும். வெள்ளை வினிகர் 3 பங்கு, தண்ணீர் 7 பங்கு. நீளக் கைப்பிடி வைத்த மென்மையான பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள், ஏணியில் ஏற வேண்டாம். கீழேயிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். நம் ஊரில் சுவர் கழுவுகிறவர்கள் மேலேயிருந்துதான் வருவார்கள், இங்கே அப்படிச் செய்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த பலகையில் கோடு கோடாக இறங்கி, அந்தக் கோடு தனிக் கறையாகிவிடும். தேய்த்த இடத்தைக் காயவிடாமல் உடனே ஹோஸில் அலசிவிடுங்கள்.

தடித்த பாசிக்கு வினிகர் பத்தாது. தண்ணீர் 4 பங்குக்குத் துணிக்குப் போடும் பிளீச் 1 பங்கு, கூடவே ஒரு கைப்பிடி துணி சோப்புப் பவுடர். செடிகளை முதலிலேயே நன்றாக நனைத்து ஒரு ஷீட்டால் மூடிவிடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று, வினிகர் வேலை செய்யவில்லையே என்று அதே பக்கெட்டில் பிளீச்சை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நெஞ்சை அடைக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் பிளீச் சேரக்கூடாது. ஒரு நாள் ஒன்று, நன்றாக அலசிவிட்டு வேண்டுமானால் இன்னொரு நாள் இன்னொன்று. தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம், பலகையே இளகிவிடும்.

அந்தக் கடுகுப் புள்ளிகள்தான் சுவாரசியம். சுவரை ஒட்டிச் செடிகளுக்கு மரச்சில்லு போட்டு மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள், கட்டாயம் இருக்கும். அந்தச் சில்லில் ஸ்பேரோபோலஸ் என்று ஒரு பூஞ்சை வளர்கிறது. தன் வித்து உருண்டையை வெளிச்சம் இருக்கும் பக்கம் பார்த்துச் சுடும், நிஜமாகவே சுடும், 20 அடி தூரம் வரை கூடப் போகும். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்புகிறதா, அதை வெளிச்சம் என்றே நினைத்துச் சுவரில் அடித்துவிடுகிறது. தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது தண்ணீரில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் கரண்டி ஓரத்தால் நெம்பினால் சில வரும், பழசு வந்தாலும் காவி நிறத்தில் ஒரு தழும்பு நிற்கும். இதற்கு மருந்து சுவரில் இல்லை, தரையில் இருக்கிறது. சுவரை ஒட்டி இருக்கும் மரச்சில்லை அள்ளிவிட்டுக் கூழாங்கல் போடச் சொல்லுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. கோழி சுடும் அடுப்பைச் சுவரை ஒட்டி வைக்கிறார்களா என்று பாருங்கள். 70 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இந்தப் பலகை தொய்ய ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயிலில் நெளிந்துபோன சுவர்களே உண்டு. நெளிந்ததை நிமிர்த்த முடியாது, அந்தப் பலகையை மட்டும் கொக்கிக் கம்பி விட்டுக் கழற்றி மாற்றலாம், ஆனால் புதுப் பலகையின் நிறம் வெயில் பட்ட பழசோடு சேராது.

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தோட்டத்து வீடு. பெயிண்ட் அடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே இரண்டு பக்கமும் மை வழிந்தது போலக் கருப்புக் கோடுகள். பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு "மட்டமான பெயிண்ட் அடிச்சிருக்கீங்க, வேற கம்பெனி அடிக்கலாம்" என்கிறார். அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம், இன்னும் இரண்டு வருடம் கழித்து மறுபடியும் எனக்கு எழுதலாம்.

நிமிர்ந்து சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள் முதலில். ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, நீளத்துக்கும் ஒரு காடி இருக்கிறதா? அரை அங்குல ஆழத்தில், ஒரு விரல் நுனி போகிற அளவுக்கு? இருக்காது. நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசியில் இல்லை. முப்பது வருடம் சைட்டில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பூச்சு வேலையின் கடைசி நாளில், சாரம் பிரிக்கிற அவசரத்தில் விட்டுப் போகிற வேலை இது. மழைத்தண்ணீர் சன்ஷேடின் விளிம்பில் வந்து சொட்டிவிடும் என்று நினைக்கிறோம், சொட்டாது. தண்ணீருக்கு ஒட்டிக்கொண்டு ஓடும் குணம் உண்டு, விளிம்பைச் சுற்றி அடிப்பக்கத்துக்கு வந்து அப்படியே சுவர்வரை நடந்து போய்ச் சுவரில் இறங்கும். காடி இருந்தால் அந்த இடத்தில் பிடி விட்டுக் கீழே சொட்டிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துச் சன்ஷேடின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டுக் கீழே நின்று பாருங்கள், கோடு எங்கே எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் தண்ணீரும் இறங்கும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு விசேஷம், பாலக்காட்டுக் கணவாய். மற்ற ஊரெல்லாம் ஐப்பசி மழையோடு முடித்துக்கொள்ளும். உங்களுக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல் தனியாக வரும், அதுவும் நேராகப் பெய்யாமல் காற்றோடு சாய்ந்து மேற்குச் சுவரை நாள் கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கும். தென்னை நிழல் வேறு. வருடத்தில் பாதி நாள் ஈரத்தில் நிற்கிற சுவர் எந்தக் கம்பெனி பெயிண்டையும் மதிக்காது.

அது கருப்பாக இருக்கிறதே, பாசி என்றால் பச்சையாகத்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். காய்ந்தால் கருப்பு, அதே இடத்தில் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், பச்சை எட்டிப் பார்க்கும். சந்தேகமிருந்தால் பிளீச் ஒரு சொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் பாசி அல்லது பூஞ்சை. வெளுக்காமல் அப்படியே நின்றால் அது புகைக்கரியோ தூசோ, வேறு வைத்தியம்.

வைத்தியம் மலிவுதான். 10 லிட்டர் பக்கெட்டுக்குக் கால் கிலோ பிளீச்சிங் பவுடர், கலக்கி ஒரு மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். மண்டியோடு அடித்தால் காய்ந்தபின் சுவர் முழுக்க வெள்ளைத் தூள் நிற்கும். சாயந்திரமாக, வெயில் தாழ்ந்தபின், கீழிருந்து மேலாகப் பூசி 20 நிமிடம் விட்டுப் பிரஷ் போட்டு அலசுங்கள். ஜன்னல் கம்பியிலும் அலுமினியத்திலும் பட்டால் அரிக்கும், அங்கே தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். அப்புறம் காயவிடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மார்கழிப் பனியில் காலை ஏழு மணிக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருக்கும். அந்த ஈரத்தின் மேல் அடிக்கிற பெயிண்ட் பங்குனியில் கொப்புளமாக எழும்பும். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து நாலு மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.

கட்டி முடித்த வீட்டில் காடி வெட்ட முடியுமா என்றால், கட்டர் வைத்து வெட்டலாம், ஆனால் கம்பி வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. அதைவிடச் சன்ஷேடின் அடியில் ஓரத்தை ஒட்டி முக்கால் அங்குல அலுமினிய ஆங்கிளையோ பிவிசி பட்டையையோ சிலிக்கான் போட்டு ஒட்டிவிடுங்கள். தண்ணீர் அதில் மோதிச் சொட்டிவிடும். அப்படியே கைப்பிடிச் சுவரின் தலையையும் பாருங்கள். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் மாடித்தூசு எல்லாம் முன்சுவரில்தான் இறங்கும், உள்பக்கம் சாய்வாகப் பூசிவிட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடும். பெயிண்டரைக் குறை சொல்ல மனமில்லை, அவர் பெயிண்ட் விற்கிறவர், தண்ணீரின் வழி அவர் பாடத்தில் இல்லை.

கேள்வி: காங்கயம். ஆழ்குழாய்த் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். மேல்தொட்டி நிறைந்து வழிந்து வழிந்து பின்சுவரிலும் யுபிவிசி ஜன்னலிலும் வெள்ளை வெள்ளையாகப் பட்டை பிடித்துவிட்டது. சோப்புக்கு அசையவில்லை.

பதில்: அசையாது. அது அழுக்கு இல்லை, கல். உங்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து வெயில் பட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது கல்லாகப் படிகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் ஓடு மாதிரி உட்காருமே, அதுவேதான். சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது, கேட்டால் "தண்ணியில கறையா?" என்பார்கள்.

ஜன்னலுக்கு வினிகர். பழைய பருத்தித் துணியை வினிகரில் முக்கி அந்தப் பட்டையின் மேல் ஈரமாக ஒட்டி அரை மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் பொரிந்து மெத்தென்று ஆகியிருக்கும், பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் வந்துவிடும். தடிப்பாக இருந்தால் இரண்டு மூன்று தடவை. சுவரில் இதே வேலையைக் கொஞ்சம் பயந்து செய்யுங்கள், ஏனென்றால் வினிகருக்குக் கறைச் சுண்ணாம்பும் ஒன்றுதான், பூச்சில் இருக்கும் சுண்ணாம்பும் ஒன்றுதான். ஐந்து நிமிடம், பிரஷ், உடனே அலசல்.

அதே வெள்ளை, தொட்டி வழியாத இடத்தில், பூ மாதிரி நுரைத்துச் சுவரின் உள்ளேயிருந்து வந்தால் அது வேறு, உப்புப் பூத்தல். அதற்குத் தண்ணீரே ஊற்றக் கூடாது, ஊற்றினால் உப்புக் கரைந்து மறுபடி உள்ளே போய் மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விழுந்த தூளைக்கூடக் கூட்டி எடுத்துவிட வேண்டும்.

வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வழிதல் குழாய் எங்கே முடிகிறது? சுவரை விட்டு அரை அடி நீட்டிக்கொண்டு நின்றால் காற்று அடிக்கும் பக்கமெல்லாம் தண்ணீர் சுவரைத் தேடி வரும். ஒரு முழங்கை வளைவு போட்டுக் கீழ்வரை இறக்கி ஒரு வாழைக்குத் திருப்பிவிடுங்கள். மோட்டாருக்குத் தானாக நிற்கிற சுவிட்ச் மாட்டினால் இன்னும் உத்தமம். ஆயிரம் அடியிலிருந்து கரண்ட் செலவு செய்து இழுத்த தண்ணீரைச் சுவருக்கு ஊற்றுகிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: ஜன்னல் கிரில்லிலிருந்து துருக் கறை. ஆசிட் ஊற்றலாமா? (அவிநாசி)

பதில்: வேண்டாமுங்க. நானே பட்டவன். கல்யாணமான புதிதில், சொந்த வீட்டில், டைல்ஸ் கழுவ வைத்திருந்த ஆசிட்டைத் துருக் கறையில் தொட்டு வைத்தேன். கறை போனது, பெயிண்டும் போனது, சிமெண்ட் பூச்சு நுரைத்துப் பொரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஆசிட் தொடாத மூன்று ஜன்னல் கிரில்லும், பக்கத்தில் நிறுத்தியிருந்த சைக்கிளின் ரிம்மும் செம்பட்டையாகத் துருப்பிடித்து நிற்கின்றன. ஆசிட்டின் ஆவிக்கு அந்த வேலை. வீட்டுக்காரி அந்த சைக்கிளை இன்னும் மறக்கவில்லை.

மொசைக் பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி, பிரஷ்ஷில் தடவிப் பத்து நிமிடம், நிறையத் தண்ணீர் விட்டு அலசல். அது விஷம், கையுறை போடுங்கள், சர்க்கரை டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள். லேசான கறைக்கு எலுமிச்சையும் உப்புமே கேட்கும். பிளீச் மட்டும் துருவுக்கு ஆகாது, கூட்டிவிடும். அப்புறம் கம்பி சுவருக்குள் நுழைகிற இடத்தைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடியுங்கள், கறை புறப்படுவது அங்கேதான்.

கேள்வி: பவானி. முன்சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்த கறை, அதோடு வாசலில் சாணிப் பவுடர் கரைத்துத் தெளிப்பதால் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுகள். மாமியார் நிறுத்த மாட்டார்.

பதில்: அதன் பெயரில்தான் சாணி இருக்கிறது, உள்ளே இருப்பது சாயம், கொடிய விஷம். கறை கிடக்கட்டும், அது வீட்டுக்குள் இருக்கவே கூடாது என்று மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், மாமனாரையோ வீட்டுக்காரரையோ விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நிஜச் சாணி பக்கத்துத் தோட்டத்தில் கிடைக்காமலா போகும்? இருக்கிற திட்டுக்கு மேலே சொன்ன பிளீச்சிங் தெளிவு கேட்கும்.

செம்மண் கறையைக் காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பிறகுதான் தண்ணீர். வராமல் இருக்கச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி கொட்டுங்கள், மழைத்துளி மண்ணில் விழுந்தால் தெறிக்கும், ஜல்லியில் விழுந்தால் உடைந்து அடங்கிவிடும். எங்கள் அப்புச்சி வீட்டில் சுண்ணாம்புச் சுவருக்கு அடியில் முழ உயரத்துக்குக் காவிப் பட்டை அடித்திருப்பார்கள். அழகுக்கு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லோரும் தரைவரை வெள்ளை அடித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

கேள்வி: கார் கழுவும் பிரஷர் கன்னில் வெளிச்சுவரை அடிக்கலாமா? (திருப்பூர்)

பதில்: நல்ல பூச்சு, விரிசல் இல்லை என்றால் மூன்றடி தள்ளி நின்று அடிக்கலாம். விரிசலில் அடித்தால் உள்சுவரில் படம் வரையும். முதல் கேள்விக்கார அக்காவின் வீடு மாதிரிப் பலகைச் சுவர் என்றால் கன்னைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடிக்கவே கூடாது, தண்ணீர் பலகைக்குப் பின்னால் ஏறிவிடும். நேராக, கண் உயரத்துக்குப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஈரோடு. போன பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயில் திருவிழாவில் கம்பம் எடுத்த அன்று மஞ்சள் நீராட்டு, தெருப் பிள்ளைகள் குடம் குடமாக ஊற்றியதில் போர்டிகோவில் புதிதாக அடித்த வெள்ளை பிவிசி பேனல் முழுக்க மஞ்சள். அன்றைக்கே சோப்புப் போட்டுத் தேய்த்தேன், ரத்தம் மாதிரிச் சிவந்துவிட்டது. பயந்து விட்டுவிட்டேன். இப்போது பாதி பேனலில் கறையே இல்லை, பாதியில் அப்படியே இருக்கிறது. இது என்ன மாயம்?

பதில்: மஞ்சள் விளைகிற ஊரிலிருந்து மஞ்சள் கறைக்கு வழி கேட்கிறீர்கள், சந்தோஷம்.

சிவந்ததற்குக் காரணம் சோப்பின் காரம். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே கணக்கு. அலசிவிட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின், அது தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் பிளாஸ்டிக்கிலும்தான் இஷ்டமாகப் போய் உட்காரும். அதனால் தேய்த்தால் வராது.

மாயத்துக்கு வருகிறேன். கறை இல்லாத பாதி, வாசல் பக்கம், வெயில் விழுகிற பாதி. இருக்கிறதா இல்லையா? கறை நிற்கிற பாதி போர்டிகோவின் நிழலுக்குள் இருக்கும். நடுவில் நிழல் விழுகிற கோட்டை அளந்த மாதிரி ஒரு எல்லை தெரியும், போய்ப் பாருங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, வெயில் பட்டால் சிதைந்து நிறம் இழந்துவிடும். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தினால் நம் அம்மாக்கள் வெயிலில் காயப் போட்டது வேறு எதற்கு?

நிழல் பாதிக்கு, பிளீச்சை நாலு பங்குத் தண்ணீரில் கலந்து டிஷ்யூத் தாளை நனைத்துக் கறை மேல் ஒட்டிக் கால் மணி நேரம் விட்டு எடுத்து, சுத்தத் தண்ணீரில் துடையுங்கள். ஓரமாக ஒரு இடத்தில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், படம் அச்சடித்த பேனல் என்றால் அச்சும் வெளுக்கும். பேனல் கழற்ற வருகிற மாதிரி இருந்தால் அதையும் செய்ய வேண்டாம், மாடியில் ஒரு வாரம் வெயிலில் படுக்கப் போடுங்கள், சமதளத்தில், இல்லாவிட்டால் வளைந்துவிடும்.

கழற்ற வராது என்றால் ஒரு வேடிக்கையான வழி உண்டு, என் மகள் வீட்டில் செய்து பார்த்தது. சாயந்திரம் மூன்று மணி வெயிலில், முற்றத்தில் ஒரு பழைய நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வெயிலைக் கறை மேல் திருப்பிவிட்டோம். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் சூரியன் நகர நகரக் கண்ணாடியை நகர்த்துவான். பேனலைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், சுட்டால் எடுத்துவிட வேண்டும், இதுவும் பிவிசிதானே. பத்துப் பன்னிரண்டு நாளில் மஞ்சள் இருந்த இடம் தெரியவில்லை. பேரனுக்குத்தான் வேலை போய்விட்டது, வேறு எங்கே மஞ்சள் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு திரிந்தான்.